ஷிஃப் காரமும் உலோக அணைவும்: நிறம் மாறினால் போதுமா?

மஞ்சள் கரைசல் ஒன்றில் பச்சை நிற நிக்கல் உப்புக் கரைசலை ஊற்றினால், சிறிது நேரத்தில் செங்கல் நிறத்தில் வீழ்படிவு இறங்குகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். உடனே குறிப்பேட்டில் "அணைவு உருவானது" என்று எழுதிவிடுவார்கள்; உலோகத்தைப் பிற மூலக்கூறுகள் சூழ்ந்து பற்றிய சேர்மம் கிடைத்துவிட்டது என்று பொருள். உருவாகியிருக்கலாம். ஆனால் எழுதியவருக்கு அந்த நொடியில் தெரிந்தது நிறம் மாறியது என்பது மட்டும்தான். எந்த அணு எதனோடு சேர்ந்தது, எத்தனை சேர்ந்தன, இடையில் நீர் புகுந்ததா, பழைய உப்பு மிச்சமிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு கேட்கவேண்டிய கேள்விகள்.

ஷிஃப் காரங்களும் அவற்றின் உலோக அணைவுகளும் முதுகலை வேதியியல் திட்ட அறிக்கைகளில் ஓயாமல் வருகின்றன. தயாரிப்பது எளிது, பொருள்கள் சுலபமாகக் கிடைக்கும், நிறம் கண்ணைப் பறிக்கும். எளிதாகக் கைகூடுவதாலேயே அடிப்படையை யாரும் நின்று பார்ப்பதில்லை. முன்பு வந்த அறிக்கையின் வாக்கியங்களே அடுத்த அறிக்கைக்கும் இடம்பெயர்கின்றன. பள்ளி வேதியியல் நினைவிருந்தால் போதும், இந்தக் கட்டுரையைத் தொடரலாம்.

ஷிஃப் காரம் என்பது எது?

ஆல்டிஹைடு என்பது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்து, அந்தக் கார்பனிலேயே ஒரு ஹைட்ரஜனும் இருக்கும் சேர்மம். ஓரிணைய அமீன் என்பது இரண்டு ஹைட்ரஜன்களைச் சுமக்கும் நைட்ரஜனைக் கொண்ட சேர்மம். இவை இரண்டும் வினைபுரிந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியேறினால், முன்பு ஆக்சிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜன் வந்து உட்கார்ந்துவிடும். இப்படி உண்டாகும் கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புக்கு இமீன் தொகுதி என்று பெயர். அதைக் கொண்ட சேர்மமே ஷிஃப் காரம். (ஆல்டிஹைடுக்குப் பதில் கீட்டோனும் இந்த வினையைச் செய்யும், ஆனால் மெதுவாக, கொஞ்சம் வற்புறுத்தினால்தான்.)

1864இல் இந்த வினையை வெளியிட்டவர் ஹூகோ ஷிஃப். 1834இல் பிராங்பர்ட்டில் பிறந்து, கோட்டிங்கனில் வேதியியலாளர் வோலரிடம் படித்து, பின்னர் இத்தாலியில் குடியேறி, புளோரன்ஸில் நீண்டகாலம் பணியாற்றியவர். இதே ஷிஃபின் பெயரில் ஆல்டிஹைடைக் கண்டறியும் ஒரு சோதனைக் கரைசலும் உண்டு. நிறமிழந்த ஒரு சாயக் கரைசல் ஆல்டிஹைடு பட்டதும் சிவந்த ஊதாவாக மாறும் சோதனை அது. தேர்வுத் தாள்களில் அந்தச் சோதனைக் கரைசலும் ஷிஃப் காரமும் அடிக்கடி ஒன்றாகிவிடுகின்றன. ஆளால் மட்டுமே அவற்றுக்குள் உறவு. பொருளால் வேறு வேறு.

காரம் என்றதும் சோடியம் ஹைட்ராக்சைடை நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஷிஃப் காரம் கையைச் சுடாது, லிட்மஸைப் பளிச்சென்று நீலமாக்காது. அதன் நைட்ரஜனிடம் பிறருக்குக் கொடுக்கக்கூடிய ஒரு சோடி எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்ற அளவில்தான் அது காரம். இந்தச் சோடி பின்னால் நமக்கு மிகவும் தேவைப்படும்.

இது ஆய்வகத்துப் பொருள் மட்டும் என்றும் எண்ணவேண்டாம். இந்த வரியை நீங்கள் படிப்பதே ஒரு ஷிஃப் காரத்தின் தயவில்தான். விழித்திரையில் உள்ள ரோடாப்சின் என்ற புரதத்தில், ஒளியை வாங்கும் ரெட்டினால் என்ற ஆல்டிஹைடு, புரதத்தின் லைசின் நைட்ரஜனோடு இமீன் பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது. தனியாக இருக்கும்போது ரெட்டினால் புற ஊதா ஒளியைத்தான் உறிஞ்சும். இந்தப் பிணைப்பும் அதன்மேல் ஏறும் ஒரு புரோட்டானும் சேர்ந்துதான் அதன் உறிஞ்சலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பகுதிக்கு, 500 நானோமீட்டர் பக்கம், நகர்த்துகின்றன. வைட்டமின் பி6 உடலில் வேலை செய்வதும் இதே பிணைப்பின் வழியாகத்தான்.

நீர் வெளியேறினால் வினை, நீர் திரும்பினால் கதை முடிந்தது

ஆல்டிஹைடில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், கார்பனில் எலக்ட்ரான் பற்றாக்குறை இருக்கிறது. அமீனின் நைட்ரஜனில் எந்தப் பிணைப்பிலும் சேராத ஒரு சோடி எலக்ட்ரான்கள் உண்டு. இதைத் தனித்த எலக்ட்ரான் இரட்டை என்பார்கள். அந்த இரட்டை, பற்றாக்குறையுள்ள கார்பனைத் தேடிவந்து பிணைகிறது. இப்போது ஒரே கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் ஒரு நைட்ரஜனும் தொங்குகின்றன. இந்த இடைநிலை நெடுநேரம் நிற்காது. ஹைட்ராக்சில் ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு நீராகக் கழன்றுவிட, நைட்ரஜன் கார்பனோடு இரட்டைப் பிணைப்பை அமைத்துக்கொள்கிறது.

இங்கே அமிலத்தின் அளவு முக்கியம். ஹைட்ராக்சில் நீராகக் கழலப் புரோட்டான் வேண்டும். ஆகவே சிறிது அமிலம் நல்லது. அமிலம் கூடிவிட்டால் அதே புரோட்டான்கள் அமீனின் தனித்த எலக்ட்ரான் இரட்டையைப் பிடித்துக்கொள்ளும்; முதல் படியே நடக்காது. அதனால் பொதுவாக பி.எச். 4 முதல் 5 வரை இவ்வினைக்கு வாகானது. "சில துளி அசிட்டிக் அமிலம் சேர்க்கவும்" என்று செய்முறையில் வருவது இதற்காகத்தான். சில துளி என்றால் சில துளிதான். சாலிசிலால்டிஹைடு போன்றவற்றுக்கு அதுவும் பெரும்பாலும் வேண்டியதில்லை.

அடுத்த செய்திதான் பலரும் விட்டுவிடுவது: இந்த வினை இரு திசையிலும் ஓடும். வெளியேறிய நீர் திரும்பிவந்து தாக்கினால், இமீன் பிணைப்பு உடைந்து பழைய ஆல்டிஹைடும் அமீனும் மீண்டும் கிடைக்கும். இதுவே நீராற்பகுப்பு. வினையை முன்னோக்கித் தள்ள நீரை அகற்றவேண்டும், அல்லது விளைபொருள் படிகமாகிக் கரைசலைவிட்டு வெளியேறவேண்டும். பென்சீன் வளையம் கொண்ட ஆல்டிஹைடுகளை ஆய்வாளர்கள் விரும்புவதற்குக் காரணமும் இதுவே. இரட்டைப் பிணைப்பு வளையத்தோடு தொடர்ந்து செல்வதால் நிலைத்தன்மை கூடுகிறது. வளையமில்லாத சிறிய ஆல்டிஹைடுகள் தரும் இமீன்கள் பெரும்பாலும் நீரில் பிரியும், அல்லது ஒன்றோடொன்று சேர்ந்து பிசினாகும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஆல்டிஹைடும் அமீனும் நீரை இழந்து ஷிஃப் காரமாகின்றன, மிதமான அமிலம் உதவும், நீர் மிகுந்தால் வந்த வழியே திரும்பிவிடும்.

உலோகத்தைப் பிடித்து வைப்பது எப்படி?

நிக்கல், தாமிரம், கோபால்ட் போன்ற உலோக அயனிகளில் எலக்ட்ரான்களை ஏற்கும் காலி இடங்கள் உண்டு. தன் தனித்த எலக்ட்ரான் இரட்டையை அந்த இடத்துக்கு வழங்கும் மூலக்கூறு அல்லது அயனி ஈனி எனப்படும். நடுவில் உலோகம், சுற்றிலும் ஈனிகள் என்று அமைந்த சேர்மம் அணைவு. இந்தக் கருத்தை 1893இல் முன்வைத்த ஆல்பிரட் வெர்னர் 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

ஷிஃப் காரத்தின் நைட்ரஜன் ஒரு நல்ல ஈனிமுனைதான். ஆனால் தனியாக அது ஒன்றும் பெரிய பிடி அல்ல. கரையில் ஒரே கயிற்றால் கட்டிய படகை நினைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு நழுவினால் படகு போயிற்று. நான்கு கயிறுகளால் கட்டிய படகில் ஒரு முடிச்சு நழுவினாலும் மற்ற மூன்றும் அதை அதே இடத்தில் வைத்திருக்கும். நழுவிய கயிற்றை எட்டிப் பிடித்து மறுபடி கட்டிவிடலாம். ஒரே மூலக்கூறு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அணுக்களால் உலோகத்தைப் பற்றும்போது நடப்பது இதுதான். இப்படிப் பற்றுவதைக் கொடுக்கிணைப்பு என்கிறார்கள்.

படகோடு ஒப்பீடு நிற்கட்டும்; உண்மையான காரணத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. நீரில் உலோக அயனி தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை வைத்திருக்கிறது. இரண்டு முனையுள்ள ஓர் ஈனி வந்தால் இரண்டு நீர் மூலக்கூறுகள் விடுதலையாகின்றன. கரைசலில் தன்னிச்சையாகத் திரியும் துகள்களின் எண்ணிக்கை கூடுகிறது. இயற்கை அந்தத் திசையை விரும்பும். இதன் பலம் எவ்வளவு என்று கேட்டால், ஆறு அம்மோனியா மூலக்கூறுகள் நிக்கலைப் பற்றும் வலிமையோடு, அதே ஆறு நைட்ரஜன்களை மூன்று எத்திலீன் டைஅமீன் மூலக்கூறுகளாக இணைத்துக் கொடுக்கும்போது வரும் வலிமையை ஒப்பிடலாம். நிலைத்தன்மை மாறிலி ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு கூடுகிறது. பற்றும் அணு இரண்டிலும் நைட்ரஜன்தான். இணைத்துக் கட்டியதன் விளைவு இது.

அதனால்தான் இத்துறையில் சாலிசிலால்டிஹைடுக்கு அத்தனை மதிப்பு. அதன் பென்சீன் வளையத்தில், ஆல்டிஹைடுக்குப் பக்கத்திலேயே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. இமீன் உருவானதும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் உலோகத்தைப் பற்றச் சரியான இடைவெளியில் அமைகின்றன. பற்றியதும் உலோகத்தையும் சேர்த்து ஆறு அணுக்கள் கொண்ட வளையம் மூடிக்கொள்கிறது. இந்த அளவு வளையம் இறுக்கமில்லாதது, நிலையானது.

ஒரு விசித்திரம்: இந்த வகை அணைவு, ஷிஃப் காரத்துக்கு முன்பே குடுவையில் பிறந்துவிட்டது. 1840இலேயே எட்லிங் என்பவர் தாமிர அசிட்டேட், சாலிசிலால்டிஹைடு, அம்மோனியா மூன்றையும் சேர்த்து அடர்பச்சைப் படிகங்களைப் பெற்றிருந்தார். ஷிஃப் தன் வினையை வெளியிட்டது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து.

சாலென்: ஓர் ஈனியைச் செய்து பார்ப்பது

எத்திலீன் டைஅமீனின் இரண்டு முனையிலும் அமீன் இருக்கிறது. ஒவ்வொரு முனைக்கும் ஒரு சாலிசிலால்டிஹைடு சேர்ந்தால் கிடைப்பது சாலென். இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன், ஆக நான்கு பிடிகள். தொடக்கநிலையினருக்கு இதைவிடத் தோதான எடுத்துக்காட்டு இல்லை.

சாலிசிலால்டிஹைடின் மோலார் நிறை 122.1, எத்திலீன் டைஅமீனின் நிறை 60.1. இரண்டுக்கு ஒன்று என்ற மோல் விகிதம் வேண்டும். ஆகவே 2.44 கிராம் ஆல்டிஹைடுக்கு 0.60 கிராம் அமீன். இரண்டு நீர் மூலக்கூறுகள் போனபின் சாலெனின் மோலார் நிறை 268.3, அதிகபட்சமாக 2.68 கிராம் கிடைக்கலாம். இந்தக் கணக்கை முதலில் போடாமல் குடுவையைத் தொடுவது வீண்வேலை. விகிதம் தவறினால் ஒரு முனை மட்டும் வினைபுரிந்த கலவை மிஞ்சும்; அதைப் பிரிப்பது தலைவலி.

ஆல்டிஹைடை எத்தனாலில் கரைத்து இளஞ்சூடாக வைத்துக்கொண்டு, எத்தனாலில் கரைத்த அமீனைத் துளித்துளியாக விடவேண்டும். முதல் துளி விழுந்த இடத்திலேயே மஞ்சள் நிறம் எழும். விட்டு முடிப்பதற்குள் குடுவை முழுவதும் பளிச்சென்று மஞ்சளாகியிருக்கும். பிறகு சிறிது நேரம் ரிஃப்ளக்ஸ்: கொதிக்கும் கரைப்பானின் ஆவி மேலே பொருத்திய குளிர்விப்பானில் குளிர்ந்து மீண்டும் குடுவைக்குள்ளேயே விழும்படிக் கொதிக்கவைப்பது. ஆறவிட்டால் மினுமினுக்கும் மஞ்சள் படிகங்கள் மிதக்கத் தொடங்கும். வடிகட்டி, குளிர்ந்த எத்தனாலால் கழுவி, சூடான எத்தனாலில் கரைத்து மறுபடியும் படிகமாக்கினால் தூய பொருள் கிடைக்கும். உருகுநிலை 126 முதல் 128 பாகை செல்சியசுக்குள் கூர்மையாக இருந்தால் நல்ல அறிகுறி. பல பாகைகளுக்குப் பரவி உருகினால் தூய்மை போதவில்லை என்று பொருள்.

இந்தப் படியில் அவசரப்படுபவர்கள் அடுத்த படியில் திண்டாடுவார்கள். தூய்மையற்ற ஈனியிலிருந்து தூய அணைவு வராது. அணைவுகள் பலவும் எளிதில் கரையாதவை. பிறகு சுத்தம் செய்ய நினைத்தாலும் வழி இருக்காது.

நிக்கல் உள்ளே வருகிறது

நிக்கல் அணைவுக்கு வழக்கமாக எடுப்பது நிக்கல் அசிட்டேட். நிக்கல் குளோரைடும் கிடைக்கிறதே, அது ஏன் கூடாது என்று கேட்கலாம். சாலெனின் ஹைட்ராக்சில்கள் உலோகத்தைப் பற்றவேண்டுமானால் தங்கள் புரோட்டான்களை விடவேண்டும். அதை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். அசிட்டேட் அயனி அதை வாங்கி அசிட்டிக் அமிலமாகிவிடுகிறது. குளோரைடு அப்படி வாங்காது. அதை எடுத்தால் தனியாக ஒரு காரம் சேர்க்கவேண்டிவரும்.

சாலெனும் நிக்கலும் ஒன்றுக்கு ஒன்று. நான்கு பிடிகளும் நிக்கலைச் சுற்றி ஒரே தளத்தில் சதுரமாக அமைகின்றன. இரண்டு புரோட்டான்கள் போய் இரண்டு நேர்மின் சுமை கொண்ட நிக்கல் வந்ததால், மொத்த அணைவில் மின்சுமை இல்லை. செம்மஞ்சள் முதல் செங்கல் நிறம் வரை உள்ள தூள் அல்லது படிகமாக அது இறங்கும். தாமிரத்தை எடுத்தால் பச்சைச் சாயல் வரும். துத்தநாகத்தை எடுத்தால் வெளிர்மஞ்சள். நிக்கல் உப்புகள் புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. கையுறையும் புகைபோக்கியும் இல்லாமல் இந்த வேலை கூடாது.

சுருக்கமாக: ஈனி தூய்மையாக, மோல் விகிதம் சரியாக, புரோட்டானை வாங்க ஓர் ஏற்பாடு. இம்மூன்றும் இருந்தால் வீழ்படிவு வரும். அது என்ன என்பதை இனித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

பண்பறிதல்: ஒவ்வொரு கருவியும் ஒரு கேள்விக்கே பதில் சொல்லும்

பண்பறிதல் என்றால் கையில் இருக்கும் பொருளின் இயைபையும் அமைப்பையும் அளவீடுகளால் நிறுவுவது. எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பி, வந்த தாள்களை அடுக்கி வைப்பதே பண்பறிதல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எந்தத் தாள் எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரியாவிட்டால் அந்த அடுக்குக்கு எடை உண்டு, பொருள் இல்லை.

அகச்சிவப்பு நிறமாலையிலிருந்து தொடங்கலாம்; இதைத்தான் எல்லாரும் முதலில் எடுக்கிறார்கள், இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பிணைப்புகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வகைப் பிணைப்பும் தனக்குரிய ஆற்றலுள்ள அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். அந்த ஆற்றலை அலை எண்ணால், அதாவது ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையால், குறிப்பார்கள். சாலிசிலால்டிஹைடின் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு 1665 பக்கம் வலுவாக உறிஞ்சும். சாலென் உருவானால் அது மறைந்து, 1635 பக்கம் இமீனின் வலுவான பட்டை எழவேண்டும். அமீனின் நைட்ரஜன்–ஹைட்ரஜன் பட்டைகள் 3300 முதல் 3400 வரை இருந்தவை காணாமற்போகவேண்டும். புதியது வந்ததைப் போலவே பழையது போனதும் சான்றுதான்.

அடுத்து நிக்கல் அணைவு. இமீனின் நைட்ரஜன் தன் எலக்ட்ரான் இரட்டையை உலோகத்துக்குக் கொடுத்துவிட்டதால், கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு சற்றுத் தளர்கிறது. பட்டை 1635இலிருந்து 1620 பக்கம் இறங்குகிறது. சரிவது பத்து, பதினைந்து அலகுகள்தான். ஆனால் அதுதான் நைட்ரஜன் உலோகத்தைப் பற்றியதற்கான தடயம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மாதிரியோடு அரைத்து வில்லையாக அழுத்தச் சேர்க்கும் பொட்டாசியம் புரோமைடு காற்றிலுள்ள ஈரத்தை நன்றாக இழுக்கும். நீர் 3400 பக்கம் அகலமான பட்டையையும் 1640 பக்கம் இன்னொன்றையும் காட்டும். இரண்டாவது, நாம் தேடும் இமீன் பட்டையின் மேலேயே வந்து விழுகிறது. ஈரமான வில்லையை வைத்துக்கொண்டு "இமீன் உருவானது, அணைவில் ஒருங்கிணைந்த நீரும் உள்ளது" என்று ஒரே மூச்சில் இரண்டு முடிவு எழுதிய அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. 400 முதல் 600 வரையுள்ள சிறுசிறு முகடுகளை "உலோகம்–நைட்ரஜன்", "உலோகம்–ஆக்சிஜன்" என்று பெயரிடுவதும் அப்படியே. அந்தப் பகுதியில் ஈனியின் சொந்த அதிர்வுகளும் நெரிசலாக இருக்கின்றன. ஈனியின் நிறமாலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் அங்கே பெயர் சூட்டுவது ஊகம்.

என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலை ஹைட்ரஜன் அணுக்களை எண்ணித் தருகிறது. வலிய காந்தப்புலத்தில் ஒவ்வொரு ஹைட்ரஜனும் தன் சுற்றுப்புறத்துக்கு ஏற்ற இடத்தில் முகடு காட்டும்; இடத்தை பி.பி.எம். அலகில் சொல்வார்கள். சாலெனில் 13.2 பக்கம் ஹைட்ராக்சில் ஹைட்ரஜன்கள் இரண்டு, 8.35 பக்கம் இமீன் ஹைட்ரஜன்கள் இரண்டு, 6.8 முதல் 7.3 வரை பென்சீன் வளைய ஹைட்ரஜன்கள் எட்டு, 3.9 பக்கம் நடுச்சங்கிலியின் நான்கு. கூட்டினால் பதினாறு. ஹைட்ராக்சில் 13க்கு மேல் போயிருப்பது ஏன்? அந்த ஹைட்ரஜன் பக்கத்து இமீன் நைட்ரஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பில் சிக்கியிருக்கிறது. நிக்கல் வந்ததும் அந்த முகடு மறைந்துவிடும். ஹைட்ரஜன்கள் பதினான்காகக் குறையும். ஆக்சிஜன்கள் உலோகத்தைப் பற்றியதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

ஆனால் தாமிர அணைவை இதே கருவிக்கு அனுப்பிப் பயனில்லை. இரண்டு நேர்மின் சுமை கொண்ட தாமிரத்தில் சோடி சேராத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. அதன் காந்த விளைவால் முகடுகள் அகன்று கலங்கிவிடும். அத்தகைய பொருள்களைப் பாராகாந்தப் பொருள்கள் என்பார்கள். எல்லா எலக்ட்ரான்களும் சோடி சேர்ந்தவை டயாகாந்தப் பொருள்கள்.

இந்தக் கலக்கமே வேறிடத்தில் உதவுகிறது. காந்தத் திருப்புத்திறனை அளந்தால் சோடி சேராத எலக்ட்ரான்கள் எத்தனை என்று தெரியும். ஒன்றுக்கு 1.73, இரண்டுக்கு 2.83 போர் மேக்னட்டான் (காந்தத் திருப்புத்திறனின் அலகு) என்ற அளவில் மதிப்பு எதிர்பார்க்கலாம். நிக்கல் நான்முகியாகவோ எண்முகியாகவோ அமைந்தால் சோடி சேராத எலக்ட்ரான் இரண்டு. சதுரத் தளமாக அமைந்தால் ஒன்றுமில்லை. எனவே நிக்கல்–சாலென் டயாகாந்தமாக இருப்பது அதன் வடிவம் பற்றிய செய்தி. நிறத்திலிருந்தும் ஓரளவு இதை ஊகிக்கலாம்: புற ஊதா–கட்புல நிறமாலையில், உலோகத்துக்குள்ளேயே எலக்ட்ரான் தாவும்போது வலுக்குன்றிய பட்டைகளும், ஈனிக்கும் உலோகத்துக்கும் இடையே தாவும்போது வலுவான பட்டைகளும் வரும். துத்தநாகத்தில் உள்தாவலுக்கு இடமே இல்லை. அதன் அணைவு காட்டும் வெளிர்மஞ்சள் ஈனியுடையது.

எண்கள் பொய் சொல்லாது. கணக்குப் போடுபவர் நெளியலாம்

தனிமப் பகுப்பாய்வு என்பது பொருளை எரித்து, கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் ஆகியவற்றின் சதவீதத்தைக் காண்பது. நிக்கல்–சாலெனுக்குக் கணக்குப்படி கார்பன் 59.1, ஹைட்ரஜன் 4.3, நைட்ரஜன் 8.6 வரவேண்டும். அளந்த மதிப்பு 0.4 சதவீதத்துக்குள் பொருந்தினால் ஏற்கலாம் என்பது நடைமுறை.

கார்பன் 56.0 என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சூத்திரத்தில் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும்: கார்பன் 56.0, ஹைட்ரஜன் 4.7, நைட்ரஜன் 8.2. இங்கேதான் நேர்மை சோதிக்கப்படுகிறது. நீர் உண்மையிலேயே இருந்தால் பொருளைச் சூடாக்கும்போது அது வெளியேறவேண்டும். சூடாக்கிக்கொண்டே எடை குறைவதைப் பதிவுசெய்யும் வெப்ப எடைப் பகுப்பாய்வில், ஒரு நீர் மூலக்கூறுக்கு 5.25 சதவீத எடையிழப்பு வரவேண்டும். படிக இடுக்கில் தங்கிய நீராக இருந்தால் பொதுவாகக் குறைந்த வெப்பத்திலேயே போய்விடும். உலோகத்தோடு பிணைந்த நீர் அதிக வெப்பம் கேட்கும். இழப்பே இல்லையென்றால், சூத்திரத்தில் சேர்த்த நீர் காகிதத்தில் மட்டும் இருக்கும் நீர். அப்போது கார்பன் குறைந்ததற்குக் காரணம் தூய்மைக்குறைவு; திரும்பிப்போய்ச் சுத்தம் செய்யவேண்டியதுதான்.

நிறை நிறமாலையில் இன்னொரு வசதி உண்டு. மூலக்கூறின் நிறையோடு அதிலுள்ள உலோகத்தையும் அது காட்டிக்கொடுக்கும். நிக்கலில் 58, 60 என்ற நிறையெண் கொண்ட ஐசோடோப்புகள் சுமார் 68, 26 சதவீதம் உள்ளன. ஆகவே ஒரு புரோட்டானை ஏற்ற நிக்கல்–சாலென் 325இலும் 327இலும் ஏறத்தாழ ஐந்துக்கு இரண்டு என்ற உயரத்தில் இரட்டை முகடு காட்டும். ஈனி மட்டும் இருந்தால் 269இல் ஒற்றை முகடுதான் ஓங்கி நிற்கும். வெறும் ஈனியும் உலோக உப்பும் கலந்த தூளை அணைவு என்று நம்பிவிடாமல் காப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

கரைசலின் மின்கடத்தலை அளப்பது மலிவான, குறைவாக மதிக்கப்படும் சோதனை. நிக்கல்–சாலெனில் மின்சுமை இல்லாததால் கரைசல் ஏறக்குறைய கடத்தாது. குளோரைடு அயனி அணைவுக்கு வெளியே தனியாக இருக்கும் பொருளாக இருந்தால் கடத்தல் எகிறும். கரைசலுக்குள் எத்தனை அயனிகள் என்ற கேள்விக்கு இது பதில்.

இவ்வளவும் பொருந்தினாலும் நாம் செய்திருப்பது அமைப்பை ஊகித்து உறுதிப்படுத்துவதுதான். அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று நேரடியாகக் காட்டுவது ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர் ஆய்வு. நிக்கலுக்கும் நான்கு பிடிகளுக்கும் இடையே சுமார் 1.85 ஆங்ஸ்ட்ராம் தூரம் என்பதெல்லாம் அதிலிருந்து வருபவை. நல்ல படிகம் வளர்ந்தால்தான் அது சாத்தியம். வளராதபோது மற்றச் சோதனைகள் ஒன்றையொன்று தாங்கவேண்டும். தூளில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படமும் கணினி வரைந்த முப்பரிமாணப் படமும் அதற்கு ஈடாகாது. கணினிக்கு நாம் எந்தச் சூத்திரத்தைக் கொடுக்கிறோமோ அதற்கு அழகான வடிவம் தரும். குடுவையில் அதுதான் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

இதனால் என்ன பயன்?

1938இல் சுமாகி என்ற ஜப்பானிய ஆய்வாளர், கோபால்ட்–சாலென் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி, சூடாக்கினால் திருப்பி விட்டுவிடுவதை அறிவித்தார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் செய்யும் வேலையின் சாயல் கொண்ட செயலை ஒரு சிறிய செயற்கை மூலக்கூறு செய்துகாட்டியது. 1990இல் ஜேக்கப்சன், கட்சுகி ஆகிய இருவரின் குழுக்கள் தனித்தனியே, மாங்கனீஸ் வைத்த சாலென் வகை அணைவுகளால் இடக்கை–வலக்கை வடிவ மூலக்கூறுகளில் ஒன்றை மட்டும் மிகுதியாகத் தரும் வினையூக்கிகளை உருவாக்கின. மருந்து மூலக்கூறுகளைச் செய்வோருக்கு அது பெரிய வரம்.

இன்னொரு பக்கம் "அணைவு பாக்டீரியாவைக் கொல்கிறது" என்ற முடிவோடு முடியும் எண்ணற்ற அறிக்கைகள். கொல்லலாம். ஆனால் கேட்கவேண்டியவை சில உண்டு. வெறும் நிக்கல் அல்லது தாமிர உப்பை அதே உலோக அளவில் வைத்துச் சோதித்தார்களா? பொருளைக் கரைத்த கரைப்பானைத் தனியாக வைத்துப் பார்த்தார்களா? தாமிர அயனி தானாகவே நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. அணைவு கரைசலில் பிரிந்து தாமிரத்தை விட்டிருந்தாலும் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் அவை வளராத அதே தெளிவான வட்டம்தான் தெரியும். இமீன் பிணைப்பு நீரில் உடையும் என்பதை மேலே பார்த்தோம். சோதனைத் தட்டில் இருப்பது பெரும்பாலும் நீர். அணைவுகள் ஈனியைவிட நீரைத் தாங்கக்கூடியவை என்றாலும், சில உலோக அயனிகள் நீராற்பகுப்பை விரைவுபடுத்தவும் செய்யும். ஆகவே சோதனை நடக்கும் அதே கரைசலில், அதே நேர அளவுக்கு, பொருள் பிரியாமல் இருக்கிறதா என்பதைக் கட்புல நிறமாலையை இடைவெளி விட்டு எடுத்துப் பார்க்கவேண்டும். முதல் நாள் எடுத்த கோடும் மறுநாள் எடுத்த கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தால், கொன்றது அணைவா என்ற விவாதத்தைத் தொடங்கலாம்.